கிளாரிஸின் இராச்சாப்பாடும் ஊக்கப் பிரிவும்

கிளாரிஸ் வாரியத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுன் தலைமையகத்திலிருந்து அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாம் கிளைக்கு ஒரு மாற்றல். அந்தக் கிளையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் வீடும் அந்த ஊரில்தான் இருந்தது. வீட்டையும் வேலையையும் ஆண்டவர் ஒரே கரையில் வைத்திருக்கும்போது நாம் எதற்குத் தினமும் கடல் தாண்ட வேண்டும் என்று அவள் நினைத்தாள். இந்த நினைப்பில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. வாரியத்துக்குத் தெரிந்தது.

வாரியம் என்றால் தீவு வடிகால் வாரியம். ஊரார் லோங்காங் என்று சொல்லும் சாக்கடைகளை அடைப்பில்லாமல் வைத்திருப்பது அதன் வேலை. அப்படித்தான் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. நல்ல மழை பெய்தால் அந்தப் பலகையை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு படிக்கலாம்.

கிளாரிஸின் கணவன் ஷானுக்குத் தீவின் தெற்கே, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. கம்பெனி பஸ் மாலை ஆறேகாலுக்கு அவனைத் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு பாலம் வழியாகப் போய்விடும். கிளாரிஸ் ஐந்து மணிக்கு வேலை விட்டு, ஃபெரி பிடித்து, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்து, வீடு வந்து சேர ஆறரை ஆகும். அவள் தெருமுனையைத் திரும்பும்போது பஸ் விட்ட புகை இன்னும் கலையாமல் நிற்கும். வாரத்தில் ஆறு நாளும், காலையில் அவன் வரும்போது அவள் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போய்ப் பூசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஆனால் முதல் பாட்டு முடிவதற்குள் ஷான் தூங்கிவிடுவான்; வீட்டுக்கு வந்து படுத்தால் பஸ் நேரத்துக்குத்தான் எழுவான். அடுத்த வார ஷிப்ட் ஞாயிறு மாலையே தொடங்கிவிடும். இப்படி இரண்டு வருடம் ஓடிவிட்டது. மாற்றல் கிடைத்தால் ஐந்தேகாலுக்கு வீட்டில் இருப்பாள். ஒரு மணி நேரம் கிடைக்கும். இருவரும் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சேர்ந்து சாப்பிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் நேரம், அந்த மாதம்தான் வாரியத்தில் ஊக்க மேம்பாட்டுப் பிரிவு பிறந்தது.

பிறப்புக்குக் காரணம் வெள்ளம். நவம்பர் மழையில் பாதி நகரம் மிதந்தது. கடைக்காரர்கள் நனைந்த அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வாரிய வாசலில் போட்டார்கள். தலைமை இயக்குநர் புவான் நோர்மா நன்றாக யோசித்து, எல்லா ஊழியர்களையும் மண்டபத்தில் கூட்டி மலாயில் ஒரு பேச்சுப் பேசினார்.

"வெள்ளம் இயற்கையின் கையில் இருக்கிறது. மழை நம்மைக் கேட்டுப் பெய்வதில்லை. ஆனால் ஊழியர்களின் மனம் நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைத்தானே நாம் சரிசெய்ய முடியும்? ஆகவே, சாக்கடைகளைத் தூர்வார வைத்திருந்த ஒதுக்கீட்டை இந்த வருடம் உங்கள் மனங்களைத் தூர்வாரச் செலவிடுகிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளப் பின் வரிசையில் ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் புதிய ஊக்க மேம்பாட்டு அதிகாரி, திரு. ராம்நாத்.

மாற்றல் கேட்பவர்கள் இனிமேல் ஊக்கச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ராம்நாத் நடத்தும் நேர்காணலில் நூற்றுக்கு எண்பது வாங்கினால் சான்றிதழ். தைப்பூசம் கழிந்த வாரத்தோடு மாற்றல் பட்டியல் மூடப்படும். கிளாரிஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ராம்நாத்தின் முதல் கேள்விக்குக் காத்திருந்தாள்.

"ஏன் புக்கிட் மெர்தாஜாம் போகணும்னு கேக்குறீங்க?" என்றார் ராம்நாத்.

"வீடு அங்கதான் சார். வீட்டுக்காரரு நைட் ஷிப்ட். ஒரு வேள கூட சேந்து சாப்புட முடியல."

"அது வசதிலா. ஊக்கம் இல்ல."

"சேந்து சாப்புடணும்னு ரொம்ப ஆசையா இருக்கு சார்."

"ஆச இருக்கு, சரி. ஆனா அது வெளி ஊக்கம். உங்க வீட்டுக்காரரு உங்களுக்கு வெளிலதானே இருக்காரு? எனக்கு வேண்டியது உள் ஊக்கம்."

"உள்ளன்னா எங்க சார்?"

"உள்ளன்னா, இங்க." ராம்நாத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சட்டைப் பையில் பேனா கசிந்திருந்ததால் விரலில் மை ஒட்டிக்கொண்டது. அவர் அதை மேசைக்கடியில் துடைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "காலையில நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க?"

"அலாரம் அடிக்கும் சார்."

ராம்நாத் பேனாவை எடுத்து, 'அலாரத்தைச் சார்ந்தவர்' என்று எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவோடு பேசினார்.

"என்னயப் பாருங்க. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால ஏழு கம்பெனி மாறியிருக்கேன். ஒரு எடத்துலயும் என்னய ரொம்ப நாள் வச்சுக்க அவங்களால முடியல. ஏன்? என் ஊக்கம் அப்பிடி. தாங்க மாட்டாங்க."

அதை நானும் நம்புகிறேன்.

கிளாரிஸுக்குக் கிடைத்த மதிப்பெண் முப்பத்தொன்று. பதினெட்டு வருடம் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்தவளுக்கு ஊக்கமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. எரிச்சலோடு ஓடி ஃபெரியைப் பிடித்தாள்.

அடுத்து வந்தது ஊக்கச் செடி. ஊக்கத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதை வளர்க்கவும் வேண்டும் என்று ராம்நாத் எங்கோ படித்திருந்தார். ஊழியர் ஒவ்வொருவருக்கும் மேசையில் ஒரு தொட்டி, தொட்டியில் ஒரு கன்று. வெள்ளிக்கிழமைதோறும் அவர் அளவுகோலோடு வந்து உயரம் பார்ப்பார். செடி எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவு ஊக்கம்.

கிளாரிஸ் காலை முதல் மாலை வரை சாக்கடை வேலை நடக்கும் தெருக்களில் நிற்பவள். அவளுடைய செடி ஏர்கான் குளிரில் இரண்டாம் வாரமே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

"நீங்க எந்நேரமும் லோங்காங் பக்கமே போயிட்டிருந்தா உங்க ஊக்கத்துக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார் ராம்நாத்.

"அதான சார் என் வேல?"

"பாத்தீங்களா, வேல வேலன்னு சொல்றீங்க. ஊக்கம் உள்ளவங்க வாயில அந்த வார்த்தயே வராது."

இது பரவியது. வெளிவேலைக்குப் போனால் செடி வாடிவிடும் என்ற பயத்தில் ஆட்கள் மேசையை விட்டு நகரவில்லை. தெருவில் எந்த லோங்காங் அடைத்தாலும் தொலைபேசியில், "எங்க ஊழியருங்க இப்ப வளந்துக்கிட்டு இருக்காங்க, அப்பறம் கூப்புடுங்க" என்று பதில் சொன்னார்கள்.

அலுவலகத்திலேயே அசையாத ஊக்கம் அடுத்த மேசை வாசுவுக்குத்தான் என்று ராம்நாத் அறிவித்தார். வாசு புகார்ப் பிரிவு கிளார்க். ஆயிர் ஈத்தாமில் வீடு. மத்தியானம் ஆனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நடந்து போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்து, மூன்று மணி வரை கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். எல்லோர் செடியும் வாடியும் தளிர்த்தும் அல்லாடிக்கொண்டிருக்க, வாசுவின் செடி மட்டும் முதல் நாள் இருந்த பச்சையிலேயே இருந்தது. 'வாடா ஊக்கம்' என்று அவனுக்கு ஒரு பட்டயம் கொடுத்தார்கள்.

"என்னா போடற அதுக்கு?" என்று கிளாரிஸ் அவனிடம் கேட்டாள்.

வாசு சுற்றுமுற்றும் பார்த்தான். "ஒண்ணும் போடல கா. பிளாஸ்டிக்கு. கடையில நாலு வெள்ளி. ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரவா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு ஃபெரியில் நின்றபடி, வாங்கியிருக்கலாமோ என்று பட்டர்வொர்த் வரும் வரைக்கும் யோசித்தாள்.

தைப்பூசம் நெருங்கியது. பூசத்துக்கு முதல் நாள் காலையில் வெள்ளி ரதம் நகரத்திலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். வழி நெடுக மக்கள் தேங்காய் உடைப்பார்கள். ஒன்றிரண்டு அல்ல, உள்ளூர்ச் சீனர்கள் லாரியில் கொண்டுவந்து மலையாகக் கொட்டி வைத்து உடைப்பார்கள். உடைந்த தேங்காயை ரதத்துக்கு முன்னால் ஓடி ஓடி அள்ளினால்தான் அதை இழுக்கும் மாடு நகர முடியும், லோங்காங் அடைக்காமல் இருக்கும். ஒரு முக்கியமான சந்திப்பில் அந்த வேலை வாரியத்துடையது. வருடா வருடம் ஆட்களை வைத்து அதைப் பார்ப்பது கிளாரிஸ். ரதம் அந்தச் சந்திப்பைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அவள் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஷான் அன்று மாலைக்கு லீவு சொல்லியிருந்தான். மீன் வாங்கி வைக்கிறேன் என்றும் சொல்லியிருந்தான்.

ராம்நாத்துக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லோரும் தேங்காய் உடைக்கும்போது வாரியம் மட்டும் அள்ளிக்கொண்டிருப்பது தாழ்வு மனப்பான்மையை வளர்க்காதா? வாரிய ஊழியர் ஒவ்வொருவரும் தங்கள் 'உள் தடை' எதுவோ அதை ஒரு தேங்காயில் எழுதி, அந்தச் சந்திப்பிலேயே உடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லாத் தடையும் உடைந்து முடியும் வரை யாரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது.

அன்று நல்ல வெயில். ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையில், கையில் தேங்காயோடு வரிசையில் நின்றார்கள். என்ன எழுதுவதென்று பாதிப் பேருக்குத் தெரியாததால் 'பயம்', 'சோம்பல்', 'தாழ்வு மனப்பான்மை' என்று மூன்றை ராம்நாத்தே பலகையில் எழுதிப் போட்டிருந்தார். அள்ளுகிற ஆட்களில் மூத்தவரான அய்யாக்கண்ணு மட்டும் சொந்தமாக 'முட்டி வலி' என்று எழுதினார்.

"கண்ண மூடுங்க," என்றார் ராம்நாத் ஒலிபெருக்கியில். "மூச்ச இழுங்க. தடைய உணருங்க. உணராம ஒடைச்சா திரும்ப ஒடைக்கணும்."

சுற்றியிருந்த பக்தர்கள் உணராமலேயே வேகமாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் முழங்கால் உயரம் குவிந்தது. இளநீர் தார் ரோட்டில் ஓடி, லோங்காங்கில் இறங்கி, சிரட்டையில் முட்டி, மறுபடி ரோட்டுக்கு ஏறியது. ரதம் வந்து நின்றது. பின்னால் நாதஸ்வரம் ஒரே இடத்தில் நின்று வாசிக்க வேண்டியதாயிற்று. முன்மாடு குனிந்து காலடியில் கிடந்த தேங்காய் மூடியை நக்கியது. மூடியின் மேல் 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதியிருந்தது. மாடு அதை முடித்துவிட்டு அடுத்த தாழ்வு மனப்பான்மையைத் தேடியது.

போலீஸ்காரர் ஓடி வந்து, யார் பொறுப்பு என்று மலாயில் கத்தினார். புவான் நோர்மா குடைக்கடியிலிருந்து ராம்நாத்தைப் பார்த்தார். ராம்நாத், இன்னும் பதினோரு பேர் உணர வேண்டியிருக்கிறது என்று விளக்கினார்.

கிளாரிஸ் கையில் இன்னும் எழுதாத தேங்காய் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ரதம் நகராவிட்டால் ரோடு திறக்காது. ரோடு திறக்காவிட்டால் ஃபெரிக்குப் போக முடியாது. ஷான் மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்திருப்பான். இரண்டு வருடத்தில் கிடைத்த ஒரே ஒரு சாயங்காலம் இளநீரோடு லோங்காங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தேங்காயை இடுப்பு உயரத்திலிருந்து அப்படியே கீழே போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

"அண்ணே, அள்ளுங்க!"

"தட ஒடையலயே மா," என்றார் அய்யாக்கண்ணு.

"நாமதான் அண்ணே தட. அள்ளுங்க!"

அள்ளினார்கள். அவள் முன்னால் நின்று அள்ளினாள், காலால் தள்ளினாள், லோங்காங்கில் கையை விட்டுச் சிரட்டையைப் பிடுங்கி எறிந்தாள். தலை முதல் கால் வரை இளநீர். ரதம் அசைந்தது, கூட்டம் அரோகரா போட்டது, யாரோ படம் பிடித்தார்கள். அவள் துடைத்துக்கொண்டு ஓடியபோதும் ஃபெரிக்குப் போகும் சாலைகள் திறந்திருக்கவில்லை. இரவு வெகு நேரம் கழித்து வீடு சேரும்போது ஷான் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தான். மீன் ஆறிப்போயிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை.

மறுவாரம் அந்தப் படம் வாரிய வாசலில் ஆளுயரத்துக்கு நின்றது. கீழே 'உள் ஊக்கத்தின் உருவம்' என்று பொன் எழுத்து. அவளுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணும் சான்றிதழும் கொடுத்தார்கள். கிளாரிஸ் அன்றே மாற்றல் விண்ணப்பத்தோடு அதை இணைத்து, இயக்குநர் அறைக்கு ஓடினாள். ராம்நாத்தும் அங்கேதான் இருந்தார்.

புவான் நோர்மா சான்றிதழைப் படித்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"முப்பத்தொன்று வாங்கியபோது உங்களுக்கு மாற்றல் தர முடியவில்லை. ஊக்கமில்லாதவரை இன்னொரு கிளைக்கு அனுப்பினால் அந்தக் கிளை என்ன நினைக்கும்? இப்போது தொண்ணூற்றெட்டு. இவ்வளவு ஊக்கத்தை அது முளைத்த இடத்திலிருந்து பிடுங்கினால் நான் என்ன நிர்வாகி?"

"அப்ப எவ்வளவு வாங்குனா கெடைக்கும்?" என்று கிளாரிஸ் ராம்நாத்திடம் திரும்பிக் கேட்டாள்.

"நீங்க இன்னும் மார்க்குலயே இருக்கீங்க," என்றார் ராம்நாத். "அது வெளி ஊக்கம்."

புக்கிட் மெர்தாஜாம் இடம் வாசுவுக்குப் போனது. தூசி தட்ட வந்த பெண் அவன் செடியைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை ராம்நாத் பார்த்துவிட்டார். போலி ஊக்கத்துக்குத் தண்டனையாகக் கடலுக்கு அப்பால் மாற்றல். வாசு இடிந்துபோனான்.

"அக்கா, அங்க மத்தியானம் நான் எங்க போய்ச் சாப்புடுவேன்?"

"எனக்குக் குடுத்துரு வாசு அந்த எடத்த. கால்ல விழறேன்."

"எடுத்துக்குங்களேன் கா! நான் வேணாம்னா சொல்றேன்?"

இருவரும் சேர்ந்து ராம்நாத்திடம் போய்ப் பரஸ்பர மாற்றல் கேட்டார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"கிளாரிஸ், அது தண்டன. உங்கள மாதிரி ஒருத்தருக்கு நான் தண்டன குடுத்தா என் மனசாட்சி என்னயச் சும்மா விடுமா? வாசு, உங்களுக்கு இங்க எடம் குடுத்தா அது பரிசு. தப்பு செஞ்சவனுக்குப் பரிசு குடுக்கச் சொல்றீங்களா? ரெண்டு பேரும் சேந்து என்னய அநியாயம் செய்யச் சொல்றீங்க."

அதன் பிறகு தினமும் மாலையில் பட்டர்வொர்த் துறையில், தீவுக்குத் திரும்பும் வாசுவும் தீவிலிருந்து வரும் கிளாரிஸும் எதிரெதிராக ஓடினார்கள். நின்று பேச இருவருக்கும் நேரமில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள்.

மாதக் கடைசியில் ஊக்க வார நிறைவு விழா. 'காலையில் என்னை எழுப்புவது எது?' என்ற தலைப்பில் கிளாரிஸ் பேச வேண்டும். நான்கு மணிக்குப் பேச்சு. ராம்நாத் அவளை அறிமுகப்படுத்தத் தொடங்கி, தன்னை அறிமுகப்படுத்தி முடித்தபோது ஐந்தாகச் சில நிமிடம் இருந்தது.

கிளாரிஸ் தோளில் கைப்பையோடு மைக் முன்னால் நின்றாள். மனப்பாடம் செய்திருந்த நாலு வரி அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"எனக்கு ஊக்கம்லாம் தெரியாதுங்க. அன்னிக்கு நான் தேங்கா அள்ளுனது வீட்டுக்குப் போவணும்னுதான். தினமும் காலையில எந்திரிக்கிறதும் அதுக்குத்தான், சாயங்காலம் வீட்டுக்குப் போவலாம்னு. ரெண்டு வருசமா என் வீட்டுக்காரர்கூட ஒக்காந்து சோறு திங்கல. மணி அஞ்சாச்சு. நான் வரேன்."

மைக்கை வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி, நடுவழியில் நடந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

புவான் நோர்மா ராம்நாத்தைப் பார்த்தார். ராம்நாத்தின் வாழ்க்கையில் எட்டாவது கம்பெனியும் போய்விடும் போல அந்தக் கணம் இருந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா! பேச்சு இல்ல, செயல்! வார்த்த தேவப்படாத எடத்துக்குப் போயிட்டாங்க! கால் நிக்க முடியாம தவிக்குது பாருங்க, அதுதான் ஊக்கம்!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புவான் நோர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் 'கிளாரிஸ் நடை' கட்டாயமாக்கப்பட்டது. மாலை நாலரைக்கு மணி அடிக்கும். ஊழியர்கள் எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக விறுவிறுவென்று வெளியேற வேண்டும். கட்டடத்தைச் சுற்றி நடந்து, பின்வாசல் வழியாக உள்ளே வந்து, ஊறிய ஊக்கத்தோடு ஆறு மணி வரை வேலை பார்க்க வேண்டும். வரிசையின் முன்னால் கிளாரிஸ், கடைசியில் ஒலிபெருக்கியோடு ராம்நாத். முன்னால் போகிறவரைப் பின்பற்ற வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, கேள்வி கேட்டால் ஊக்கம் குறைந்துவிடும் என்பது விதி.

ஆறு மணிக்கு விட்டால் அவள் வீடு சேர ஏழரை. இப்போது தெருமுனையில் பஸ் விட்ட புகைகூட இல்லை.

நாலு நாள் நடந்தாள். ஒவ்வொரு நாளும் முன்வாசலைத் தாண்டியதும் கால் பரபரக்கும். மூலை வந்ததும் அதைப் பிடித்து இழுத்துப் பின்வாசல் பக்கம் திருப்புவாள். வாசலைக் காட்டிவிட்டு உள்ளே தள்ளுவதைவிட வாசலே காட்டாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பின்னால் வருகிறவர்களும் அந்த மூலையில் ஒரு விநாடி தயங்குவது அவள் காதில் செருப்புச் சத்தமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை மூலை வந்தது. அவள் திரும்பவில்லை. திட்டம் போட்டாள் என்று சொல்ல மாட்டேன். கால் திரும்ப மறுத்தது, அவளும் வற்புறுத்தவில்லை. நேராகக் கடல் பக்கம் நடந்தாள். விதிப்படி எல்லோரும் பின்னால் நடந்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

"நல்லா இருக்கு! வேகம் நல்லா இருக்கு!" என்று பின்னாலிருந்து ராம்நாத்தின் ஒலிபெருக்கி கேட்டது. நீண்ட சுற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதல் முனையில் கணக்குப் பிரிவு அதிரா நின்றாள். அவள் மகனைப் பார்த்துக்கொள்ளும் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. வரிசையிலிருந்து விலகி உள்ளே போய்விட்டாள். அடுத்த முனையில் இரண்டு பேர் பஸ் நிற்பதைப் பார்த்து ஓடினார்கள். ஒருவர் மருந்துக் கடைக்குள் நுழைந்தார். இன்னொருவருக்குச் சங்கீத வகுப்பு இருந்தது. சேர்ந்ததோடு சரி, போனதே இல்லை. அய்யாக்கண்ணு ஒரு கடை வாசலில் அடைத்துக்கிடந்த லோங்காங்கைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரரிடம் ஒரு கம்பு வாங்கிக் குத்த ஆரம்பித்தார். தைப்பூசத்துக்குப் பிறகு வாரியம் செய்த முதல் வேலை அது.

துறைமுகச் சாலைக்கு வந்தபோது வரிசையில் கிளாரிஸும், அவளுக்கு வெகு பின்னால் ராம்நாத்தும்தான் இருந்தார்கள்.

"கிளாரிஸ்! பின்வாசல் இந்தப் பக்கம்! கிளாரிஸ்!"

அவள் ஃபெரி நுழைவில் அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை; தயங்கினால் ஃபெரி போய்விடும்.

ராம்நாத் ஒலிபெருக்கியை அணைத்தார். அவரும் போக வேண்டிய இடம் எதுவும் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. வந்த வழியே நடந்து, கட்டடத்தைச் சுற்றி, விதிப்படி பின்வாசல் வழியாக உள்ளே போனார். அன்றைய அறிக்கையில், பின்வாசல் வழியாகத் திரும்பியவர்கள் அனைவரும் ஆறு மணி வரை முழு ஊக்கத்தோடு இருந்ததாக எழுதினார். அதில் பொய் இல்லை.

புக்கிட் மெர்தாஜாமில் ஆறு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது கிளாரிஸ் வீட்டுக் கதவைத் தள்ளினாள். ஷான் கம்பெனிச் சட்டையில், சமையலறையில் நின்றபடியே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"என்னா நீ, இந்நேரத்துக்கு? வேலய விட்டுத் தொரத்திட்டாங்களா?"

"திங்கக்கெழமதான் தெரியும்," என்றாள் கிளாரிஸ். மூச்சு இன்னும் வாங்கியது. பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நின்னுக்கிட்டுத் திங்காத. வந்து ஒக்காரு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."